சந்தனம் அடைத்த குழாய்

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டைக் கண்டு தலையாட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நின்று கதைக்கிறவர்கள்தான் ஒருவரும் இல்லை. அதற்கு ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. மனிதர் வாயைத் திறப்பதே அபூர்வம். "எப்படி அங்கிள்?" என்று கேட்டால் "இருக்கிறன்" என்பார். அதோடு சரி. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மற்ற ஆள் எப்படித்தான் கதையை வளர்ப்பது, நீங்களே சொல்லுங்கள்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகன். அறுபதைத் தாண்டியும் பிறந்த அதே ஒடுங்கிய ஒழுங்கையில், ஒரு மாடி அறையில் குடியிருந்தார். அறைக்குக் கீழே பேக்கரி. விடியும்போது பாண் வாசம் படியேறி வரும், அதைத் தவிர அந்தப் படியில் ஏறி வருகிறவர்கள் கிடையாது. முந்தி அப்படி இல்லை. மனைவி இமெல்டா இருந்தாள். தேவாலயத்தில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைப்பதில் அந்தப் பக்கத்தில் அவளுக்குப் பெயர். தாய்மாரும் பிள்ளைகளும் படியேறி இறங்குவார்கள், அறை முழுக்கப் பேச்சும் லேஸ் துண்டுமாகக் கிடக்கும். சொந்தப் பிள்ளை இல்லாத குறையை அந்த இரைச்சல் கொஞ்சம் மூடி வைத்திருந்தது.

ஒஸ்வால்டுக்கு வலது கண்ணில் பார்வை கிடையாது. கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு செத்துவிட்டது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இடது கண்ணிலும் அதே பிரஷர் இருந்தது. அதைக் காப்பாற்ற ஒவ்வொரு இரவும் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும், சாகுமட்டும். செபமாலை சொல்லி முடிந்ததும் இமெல்டா அவருடைய தலையை மடியில் சாய்த்துக்கொள்வாள். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, "மேல பாருங்க. என்னப் பார்க்காதீங்க, கூரையப் பாருங்க" என்பாள். அவர் அவளைத்தான் பார்ப்பார். சொட்டு நேராகக் கண்ணுக்குள் விழும்.

கொரோனாக் காலத்தில் அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்கு என்று ஏற்றிக்கொண்டு போனார்கள், உடம்பைக்கூடத் திருப்பித் தரவில்லை. வீட்டில் பெட்டி வைத்து அழவில்லை. கோயிலில் பூசை நடக்கவில்லை. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு இருந்த நாட்கள். செத்த வீடு நடந்தால்தானே ஊருக்குச் செத்தது தெரியும்? அவர் வேலை செய்த பெக்டரியும் அப்போது மூடிக் கிடந்தது. திரும்பத் திறந்தபோது அது கைமாறி, புது முதலாளியும் புது ஆட்களும் வந்திருந்தார்கள். அவர்களிடம் போய், "என்ட மனிசி இல்லை" என்று தானாகச் சொல்ல ஒஸ்வால்டுக்கு வாய் வரவில்லை. அவர்களாகக் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து சொட்டு மருந்தை அவரே விட்டார். அண்ணாந்து, ஒரு கையால் இமையை இழுத்து, மறு கையால் போத்தலை அமுக்குவார். கண் தானாக மூடிக்கொள்ளும். ஒரு சொட்டு மூக்கில் விழும், ஒரு சொட்டு கன்னத்தில் ஓடும், எப்போதாவது ஒன்று கண்ணுக்குள் போகும். போயிருக்கும் என்று நம்பிக்கொண்டு படுத்துவிடுவார்.

பெக்டரி என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். பழைய பண்டகசாலை ஒன்றின் பின்பாதி அது. தரை கழுவும் திரவமும், அடைபட்ட குழாயைத் திறக்கிற கோஸ்டிக் கரைசலும் செய்து போத்தலில் அடைக்கிற இடம். கோஸ்டிக் கரைக்கிற வேலை ஒஸ்வால்டுடையது. அது தோலில் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும், பிறகு எரியும். கண்ணில் பட்டால் கண்ணைத் தின்னும். மிஞ்சியிருக்கும் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அந்த வேலையைத்தான் மனிதர் செய்துகொண்டிருந்தார். சொன்னால் வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. வேலை போனால் நாள் முழுக்க அந்த அறையில் என்ன செய்வது என்ற பயம்தான் பெரிது.

கண் கழுவும் தொட்டி அங்கே வந்தது ஒரு ஹோட்டலின் புண்ணியத்தால். சாமான் வாங்க வந்த ஹோட்டல்காரர்கள், அது இல்லாத இடத்தில் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி உமாசுதன் வெள்ளவத்தையிலிருந்து வருகிறவர், நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அந்தக் கிழமையே பூட்டிவிட்டார். சுவரோடு ஒரு பச்சைத் தொட்டி. அதற்குள் முகத்தை நோக்கி நிமிர்ந்த இரண்டு குழாய், ஒவ்வொன்றின் வாயிலும் சல்லடை மாதிரிச் சின்னத் துளைகள். பக்கத்திலுள்ள தட்டைத் தள்ளினால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்துத் தண்ணீர் எழும். மேலே ஒரு பலகை. முதலில் கழுவு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போ, பதினைந்து நிமிடம் விடாமல் கழுவு என்று அதில் எழுதியிருந்தது. கண்ணில் பட்டவரால் தனியே முடியாது, இன்னொருவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து இமையைத் திறந்து பிடிக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் ஒஸ்வால்ட் வாசித்தும் வாசிக்காத மாதிரி விட்டுவிடுவார்.

மற்றவர்களுக்கு அது சுவரில் கிடந்த ஒரு சாமான். ஒஸ்வால்டுக்கு அப்படியில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் வேறெதையும் தொடமுன் அதைத் திறந்து ஓடவிடுவார். குழாயில் தேங்கி நின்ற தண்ணீரில் துரு இருக்கும், அது கண்ணுக்கு ஆகாது. மஞ்சள் போய்த் தெளியும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். தன் ஒற்றைக் கண்ணுக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே காவல் அதுதான் என்று அவர் நம்பினார். மனிதர்களைவிட ஒரு தண்ணீர்த் தொட்டியை நம்பினார் என்றால் சிரிப்பீர்கள். வேறு யாரை நம்புவது?

"அங்கிள் பவுன்டனைத் திறந்திட்டார், இனி வேலை தொடங்கலாம்" என்று போத்தல் மேசையிலிருந்து ஷாமிலா சொல்லுவாள். போத்தலில் ஊற்றி மூடி இறுக்குகிற பெண். மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வருவாள். நாற்பதை நெருங்குகிற வயது, ஓயாத வாய். அவர் கடைச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போதெல்லாம், "ஆன்டி இன்டைக்கும் சமைக்கலயா? நல்ல ஆன்டிதான்" என்பாள். அவர் பார்சலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார். ஆன்டியைப் பற்றி ஒருவர் கேட்பது ஒரு வகையில் நன்றாகவும் இருந்தது. அந்தப் பகடிக்குள் இமெல்டா இன்னும் வீட்டில் இருந்தாள்.

அந்த வருடம் ஆயுத பூசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. உமாசுதன் குடும்பத்தில் அதை விடமாட்டார்கள். ஒஸ்வால்ட் வேதக்காரர், கும்பிடுவதில்லை. ஆனால் மெஷினெல்லாம் கழுவித் துடைத்துக் கொடுப்பது அவர்தான். வேதக் கோயிலில் காலைப் பூசை கண்டுவிட்டு அன்றும் வந்து, தராசு, பம்பு, கலக்குகிற பெரிய பீப்பாய் எல்லாவற்றையும் துடைத்தார். கண் கழுவும் தொட்டியின் சல்லடை மூடிகளையும் கழற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் பூட்டினார்.

உமாசுதனின் தாய் சரோஜினிதேவி பித்தளைத் தட்டோடு வந்தார். ஒவ்வொரு மெஷினாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வந்தியும் ஒட்டிக்கொண்டு போனார். ஒஸ்வால்ட் வழக்கம்போல ஓரமாக நின்றார். அம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஒஸ்வால்ட் தம்பி, இது நீங்கள் பாக்கிறதெண்டு சுதன் சொன்னவன். உங்கட சாமானை விட்டிட்டுப் போவனே?"

சொல்லிக்கொண்டே சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து, இரண்டு குழாயின் வாயிலும் பொட்டு வைத்தார். இடது பக்கம் கொஞ்சம் கூடவே தடித்துவிட்டது. அதன்மேல் பூவை அமுக்கினார். பிறகு மிச்சச் சந்தனத்தை ஒஸ்வால்டின் கையிலும் கொஞ்சம் தடவிவிட்டார்.

உங்கட சாமான். எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருவர் அவரை நினைத்து ஒன்று செய்திருக்கிறார்! அன்று இரவு அறைக்குப் போயும் அந்தக் கையை அவர் கழுவவில்லை. வேதக்காரருக்குச் சந்தனத்தில் என்ன என்று கேட்பீர்கள். சந்தனத்தில் ஒன்றுமில்லை. தொட்ட விரலில்தான் எல்லாம் இருந்தது.

மறுநாள் விஜயதசமி, திங்கட்கிழமை. ராகுகாலத்துக்கு முன்னம் முதல் கரைசலைத் தொடங்கிவிட வேண்டும் என்று உமாசுதன் காலையிலேயே நின்று விரட்டினார். ஒஸ்வால்ட் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். பூ வாடியிருந்தது, சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. தட்டைத் தள்ளினால் எல்லாம் கழுவப்பட்டுப் போய்விடும். கையை நீட்டினவர் இழுத்துக்கொண்டார். ஒரு நாள்தானே, நாளைக்குத் திறக்கலாம் என்று நினைத்தார். எந்தத் திங்களும் தவறாதவர் அன்றைக்கு மட்டும் திறக்கவில்லை.

பீப்பாயில் தண்ணீர், அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கோஸ்டிக். வெக்கையில் கண்ணுக்குப் போட்டிருந்த கொகிள்ஸ் புகை பிடித்தாற்போல் மங்கிவிட்டது. ஒற்றைக் கண்காரருக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது. அளவுக் கோட்டைப் பார்க்கக் கொகிள்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். கையிலிருந்த கோப்பை பீப்பாயின் விளிம்பில் இடித்தது. உள்ளே இருந்தது மொத்தமாக விழுந்து, சூடான கரைசல் மேலே தெறித்தது.

இடது கண்ணில்.

வலியைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. வலியைவிட முன்னால் வந்தது இருட்டு. இமை இரண்டும் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிவிட்டன. ஆனால் வழி அவருக்குத் தெரியும். சுவரைத் தடவிக்கொண்டே போய்த் தொட்டியைப் பிடித்துத் தட்டைத் தள்ளினார். முகத்தைக் குனித்தார்.

வலது பக்கம் தண்ணீர் வந்தது. பார்வையில்லாத கண்ணில் அடித்து, குளிர்ந்து, கன்னத்தால் ஓடியது. இடது பக்கம் ஒன்றும் வரவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்த சந்தனம், அதன்மேல் பிசுபிசுத்த பூ. நகத்தால் சுரண்டினார், துளைக்குள் இன்னும் இறுகியது. முகத்தைத் திருப்பி இடது கண்ணை வலது குழாய்க்குக் கொண்டுவர முயன்றார். தண்ணீர் மூடிய இமையின் மேலால் வழிந்து போனது. இரண்டு கையாலும் இமையைப் பிரிக்கப் பார்த்தார், ஒரு கை தட்டைவிட்டு நழுவத் தண்ணீர் நின்றது. திரும்பத் தள்ளினார். கை வழுக்கியது. பலகையில் இருந்த அந்த வரி அப்போது ஞாபகம் வந்தது.

கூப்பிட வேண்டும். போத்தல் மேசை சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஆனால் யாரையும் கூப்பிட்டுப் பழகாத தொண்டை அது. இமெல்டா போனபிறகு ஒருவருடைய பெயரையும் அவர் உரக்கச் சொன்னதில்லை. கண்ணை ஒன்று தின்றுகொண்டிருக்கிறது, அப்போதும் மனிதர் கூச்சப்படுகிறார்! எனக்கே கோபம் வருகிறது, சொல்லும்போது.

"ஷாமிலா" என்றார். அது மூச்சாகத்தான் வந்தது. பிறகு பெக்டரியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "ஷாமிலா!"

அவள் ஓடி வந்தாள். பார்த்தவுடன் விளங்கிவிட்டது. அவருடைய தலையைப் பிடித்துத் திருப்பி, ஓடுகிற குழாய்க்கு நேராக இடது கண்ணை வைத்து, முழங்கையால் தட்டை அழுத்திக்கொண்டாள். பெருவிரலும் சுட்டுவிரலும் இமைக்குள் நுழைந்தன.

"தொறங்க அங்கிள். தொறக்கணும். நான் பிடிச்சிருக்கன், நீங்க சும்மா இருங்க."

கண்ணுக்குள் தண்ணீர் அடித்தது. அவர் துள்ளினார். அவள் விடவில்லை.

"யாரு இதுக்குள்ள சந்தனத்த அப்பினது?"

"நான்தான் கழுவல்ல" என்றார் ஒஸ்வால்ட். வேறு ஒரு பெயரும் சொல்லவில்லை.

உமாசுதன் கார் சாவியோடு ஓடி வந்தார். "வாங்கோ, வாங்கோ, காரில ஏத்துங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"முதல்ல கழுவணும் சேர். மேல எழுதியிருக்கு. பதினஞ்சு நிமிசம் ஆனதும் சொல்லுங்க" என்றாள் அவள். முதலாளி வாயை மூடிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.

அவள் அவருடைய தலையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கை உளையும்போது மற்றக் கைக்கு மாற்றினாள். வாய் ஓயவில்லை. "அந்தப் பக்கம் பாருங்க. இப்ப மேல பாருங்க. மேல, அங்கிள், கூரையப் பாருங்க." அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒஸ்வால்டுக்கு அழுகை வந்தது. தண்ணீரோடு தண்ணீராக அழுதார், யாருக்கும் தெரியவில்லை. கண் எரிந்து உயிர் போகிற அந்த நேரத்திலும், இந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று அவருக்குள் ஒன்று ஆசைப்பட்டது. அதை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டார்.

கண்ணாஸ்பத்திரியில் டொக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். மேல்தோல் வெந்திருக்கிறது, ஆனால் உடனே கழுவியதால் கண் தப்பிவிட்டது என்றார். ஒரு மாதத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும். பிறகு, கூட வந்திருந்த ஷாமிலா வெளியே மருந்துத் துண்டு வாங்கப் போன நேரத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தக் கண்ணில பிரஷரும் ஏறியிருக்கே. இரவில விடுற மருந்து விடுறதில்லையா?"

"விடுறன் டொக்டர்."

"அது உள்ள போகுதில்ல. இப்படியே விட்டா மற்றக் கண் போன வழியில இதுவும் போகும். வீட்டில வேற ஆள் விடணும். யார் இருக்கிறது?"

"வைஃப்" என்றார் ஒஸ்வால்ட். அந்த நேரத்தில் உள்ளே வந்த ஷாமிலாவின் காதிலும் அது விழுந்தது.

டொக்டர் லீவு எழுதிக் கொடுத்தும் அடுத்த காலையே அவர் பெக்டரிக்கு வந்து நின்றார். "வீட்டில இருக்க ஏலாது" என்றார். உமாசுதன் ஒரு கதிரையைப் போட்டு இருத்தினார். சாயந்தரம்வரை ஷாமிலா நேரம் பார்த்து வந்து மருந்து விட்டாள். மேலே பார்க்கச் சொல்லி, ஒரு சொட்டு, பிறகு வழிந்ததைப் பஞ்சால் துடைத்துவிடுவாள். "ராவைக்கு ஆன்டியிட்ட சொல்லுங்க, மறந்திட வேணாம்" என்பாள். அவர் தலையாட்டுவார். இரவில் அறையில் அண்ணாந்து உட்கார்ந்து இரண்டு மருந்தையும் விடுவார். கன்னம் நனையும். சிவப்பு மெல்ல மெல்லத் தெளிந்தது, எழுத்து திரும்பத் தெரிந்தது. ஆனால் ஓரத்தில் நிற்கிறவர்கள் முந்திய மாதிரித் தெரியவில்லை. வலது கண்ணிலும் அது இப்படித்தான் தொடங்கியது. அவருக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது.

அந்த மாதத்தின் கடைசி நாள். வேலை முடிகிற நேரம். ஷாமிலா கடைசிச் சொட்டை விட்டுவிட்டு வெறும் போத்தலைக் குப்பைக் கூடைக்குள் எறிந்தாள்.

"முடிஞ்சிது அங்கிள். இனி உங்கட கண்ணுக்கும் எனக்கும் கணக்கில்ல."

"ஓம்" என்றார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஒஸ்வால்டின் சட்டைப் பையில் இரவில் விடுகிற அந்த இன்னொரு போத்தல் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, திரும்பக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். இன்றைக்கும் கொண்டுபோனால் இனி எந்த நாளும் அதை அவளிடம் எடுத்துக் காட்டப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். கண்ணும் போய்விடும். இருட்டான ஒரு அறையும், கீழேயிருந்து வருகிற பாண் வாசமும்தான் மிஞ்சும்.

"ஷாமிலா."

அவள் திரும்பினாள். "என்ன, எரியுதா?"

"இல்ல. இன்னொண்டு இருக்கு." போத்தலை எடுத்துக் காட்டினார். "இது பிரஷருக்கு. ஒவ்வொரு நாளும் ஒண்டு."

"அது ராவையில விடுறதுதானே. ஆன்டி விடட்டுமே."

"ஆன்டி இல்ல."

"எங்க போயிட்டா?"

"கொரோனாக் காலத்தில போயிட்டா" என்றார் ஒஸ்வால்ட். அந்தச் செய்தியை அவர் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை.

ஷாமிலா அப்படியே நின்றாள். இத்தனை நாள் அடித்த பகடியெல்லாம் முகத்தில் வந்து போனது. "அப்ப இந்த ஒரு மாசமும் ராவில யார் விட்டது?"

"நான்தான். பாதி கன்னத்தில போயிடும்."

அவள் கைப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். திரும்பி வந்து அவருடைய தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

"ஒவ்வொரு நாளும் போகமுன்ன விடுவம்" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீங்க?"

"ஞாயிறு நான் பார்த்துக்கொள்ளுறன்."

"மேல பாருங்க அங்கிள்."

ஒஸ்வால்டின் இடது கண் இன்றைக்கும் பார்க்கிறது. திங்கட்கிழமை காலைகளில் இரண்டு குழாயிலும் தண்ணீர் ஒரே உயரத்துக்கு எழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் அந்த மாடி அறையில் தனியே அண்ணாந்து உட்கார்ந்து, "மேல பாருங்க, கூரையப் பாருங்க" என்று தனக்குத்தானே சொல்லிப் போத்தலை அமுக்குகிறார். சொட்டு இன்னும் கன்னத்தில்தான் விழுகிறது.